பாடசாலையில் தொலைக்காட்சி நிகழ்ச்சி தயாரிக்கப் பழக என்ன வேண்டும்?

தங்கச்சி, மட்டக்களப்பில் தரம் 10 படிக்கிறேன், ஊடகக் கழகத்தில் நாங்களே செய்தி நிகழ்ச்சி செய்யலாமா, கமரா இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம், போன் போதும். ஆனால் முதல் காசை மைக்குக்குச் செலவழியுங்கள்.

கல்லடிப் பாலத்தில் ஒருவரை நிற்கவைத்துப் பேட்டி எடுத்துப் பாருங்கள். படம் அழகாக வரும், குரலை வாவிக் காற்று விழுங்கிவிடும். சட்டைக் கொலரில் குத்தும் சின்ன மைக்கும் அதற்கொரு ஸ்பொஞ்ச் உறையும் இருந்தால் பேச்சு தெளிவாகக் கேட்கும். வகுப்பறையில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் எடுக்கும்போது படம் பட்டை பட்டையாக மினுங்கினால் பயப்பட வேண்டாம். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 முறை அலைகிறது, அந்த அலைவோடு லைட்டும் மினுங்குகிறது. கமராவில் விநாடிக்கு 25 பிரேம் (படம்), ஷட்டர், அதாவது ஒவ்வொரு பிரேமும் ஒளி வாங்கும் நேரம், 1/50 விநாடி என்று வைத்தால் சரி.

அப்புறம் ஆட்கள். ஒருவர் எழுத, ஒருவர் படம்பிடிக்க, ஒருவர் ஹெட்போன் போட்டு ஒலியை மட்டும் கவனிக்க, ஒருவர் தொகுக்க. வாரம்தோறும் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் அறிவிப்பாளராகத்தான் ஆசை இருக்கும். ஆனால் தொகுக்க உட்கார்ந்தவருக்குத்தான் எந்தக் காட்சியை எடுக்காமல் விட்டோம் என்பது உறைக்கும்.

உயர்தரக் கலைப்பிரிவில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்ற பாடம் இருக்கிறது. அதுவரை காத்திருக்காமல் முதல் 3 நிமிடச் செய்தியை இந்த மாதமே எடுத்துவிடுங்கள்.