கெப் வண்டியில் திரும்பத் திரும்ப விழும் நெளிவு

கேள்வி: என்னுடையது 1997ஆம் ஆண்டு டபுள் கெப். தொடர்மாடியில் நெருக்கமாக நிறுத்துவதால், பக்கத்துக் காரின் கதவு பட்டுப் பட்டு இடது பின்கதவும் பின்னால் சாமான் ஏற்றும் பெட்டியின் பக்கத் தகடும் நெளிகின்றன. இரண்டு தடவை பட்டி (நெளிவை நிரப்பும் பசை) வைத்துப் பெயின்ற் அடித்தேன். ஆறு மாதத்தில் அதே இடம் கொப்பளிக்கிறது. மூன்றாம் தடவையும் அடிக்கவா? - வாசகர், கொழும்பு 6

பதில்: அடிக்கலாம், ஆனால் பழைய பட்டிக்கு மேல் அல்ல. பட்டி ஈரத்தை உறிஞ்சும். கதவு விளிம்பு பட்டுப் பெயின்ற் வெடித்ததும், மழையும் வெள்ளவத்தைக் கடற்காற்றும் அந்த வெடிப்பால் இறங்கித் தகட்டில் கறள் பிடிக்கிறது. கொப்பளம் அதுதான்.

மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். பிடிப்புக் குறையும் இடமெல்லாம் தடித்த பட்டி. அதை முழுவதும் உரித்து, கறளைத் தேய்த்து, வெறுந்தகட்டைக் காணவேண்டும். கதவென்றால் உள் அட்டையையும், பெட்டியின் பின்மூலையென்றால் பின்விளக்கையும் கழற்றி, உள்ளிருந்து தட்டி நிமிர்த்தச் சொல்லுங்கள். விரலால் அமுக்கும்போது 'டொக்' என்று உள்ளே போய்த் திரும்பினால் தகடு நீண்டுவிட்டது. கைதேர்ந்தவர் சூடுகாட்டிச் சுருக்காமல் அதன்மேல் வைக்கும் பட்டி நிச்சயம் வெடிக்கும்.

நிமிர்த்திய தகட்டுக்கு முதலில் கறளைத் தடுக்கும் அடிப்பூச்சான எபொக்சி பிரைமர், பிறகு பட்டி; 3 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். 100 கிராம் பட்டிக்கு, அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் 2 கிராம் போதும். கூடினால் பெயின்றில் கறை ஊறும், குறைந்தால் உள்ளே இறுகாது. சொரசொரப்பானதில் தொடங்கி 80, 180, 320 என்ற இலக்க வரிசையில் சாண்ட்பேப்பர் போடுங்கள். பட்டியில் தண்ணீர் தொட்டுத் தேய்க்க விடவே வேண்டாம். பலரும் செய்யும் பிழை இது. கதவின் அடியில் நீர் வடியும் துளைகள் திறந்திருக்கட்டும். பசை ஒட்டி இழுத்து நிமிர்த்தும் முறை இந்த வண்டிக்குச் சரிவராது, பட்டியும் பெயின்றும் சேர்ந்து கழன்றுவரும்.

கதவின் அடிப்பகுதி கறளில் ஓட்டை விழுந்திருந்தால், வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழைய கதவொன்று தேடுங்கள். அதிலும் பட்டி இருக்கிறதா என்று பார்க்கக் காந்தத்தையும் கொண்டுபோங்கள்.

வேலைக்குக் கொடுக்கும் முன்பே நெளிவுகளின் உயரத்தை நிலத்திலிருந்து அளந்து குறித்துவையுங்கள். பக்கத்துக் கதவு படும் அடியைத் தாங்கும் இறப்பர் மோல்டிங் பட்டையை ஒட்டவேண்டியது அந்த உயரத்தில்தான், கண்ணுக்கு அழகான இடத்தில் அல்ல. புதுப் பெயின்றை ஒரு மாதம் காயவிடுங்கள். அதுவரை நிறுத்தும்போது பெட்டி விளிம்பிலிருந்து தடித்த ஸ்பொஞ்சுத் தட்டொன்றைத் தொங்கவிடலாம். பிறகு ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து, இருபக்கமும் ஒட்டும் டேப்பில் மோல்டிங்கை அழுத்தி ஒட்டி, 72 மணிநேரம் கழுவாமல் வையுங்கள்.