குயின் குழுவின் அடையாள கீதம் எது? – கேள்வி பதில்

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான குயினுக்கென்று ஒரே ஒரு கீதத்தைச் சொல்வதானால் எதைச் சொல்வீர்கள் என்று கேட்கப்பட்டபோது, ‘வீ ஆர் த சாம்பியன்ஸ்’ என்று பதில் சொல்லியிருந்தேன். அதை ஏற்றும் மறுத்தும் பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன். பிரெடி மெர்குரி (குரல், பியானோ), பிரையன் மே (கிட்டார்), ராஜர் டெய்லர் (டிரம்ஸ்), ஜான் டீக்கன் (பேஸ் கிட்டார்) ஆகிய நால்வரும் சேர்ந்து இயங்கிய காலத்துப் பதிவுகளையும் மேடை நிகழ்ச்சிகளையும் மட்டுமே கணக்கில் கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ‘போஹீமியன் ராப்சடி’ இருக்கும்போது வேறொன்றை முன்னிறுத்துவது வீம்புக்குப் பேசுவதாகத் தெரிகிறதே. அதைவிடப் பெரிய பாடல் குயினிடம் உண்டா?

பதில்: இல்லை. அதைவிடப் பெரிய படைப்பு அவர்களிடம் இல்லை என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. 1975 ஆகஸ்டில் வேல்ஸிலுள்ள ராக்ஃபீல்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் தொடங்கிய அந்தப் பதிவில், நடுவே வரும், மேற்கத்திய இசை நாடகப் பாணியிலான ஆப்பராப் பகுதிக்காக மெர்குரி, மே, டெய்லர் ஆகிய மூவரும் தங்கள் குரல்களையே அடுக்கடுக்காகப் பதிந்தார்கள். 24 தடங்கள் கொண்ட நாடாவில் இடம் போதாததால், பதிந்தவற்றை ஒன்றாகக் கலந்து, அந்தக் கலவையின்மேல் மறுபடியும் குரல்களை ஏற்றினார்கள். நாடா திரும்பத் திரும்ப ஓடியதில் தேய்ந்து, மறுபக்கம் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிந்துபோனதாக மே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆறு நிமிடத்துக்கு ஐந்து நொடியே குறைவான அந்தப் பாடல் பிரிட்டனில் ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் இருந்தது; 1991 நவம்பர் 24 அன்று மெர்குரி மறைந்த பிறகு மறுபடியும் வெளியாகி, மேலும் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் நின்றது.

ஆனால் இந்தப் பெருமை முழுவதும் ஒலிப்பதிவுக்கூடத்தின் பெருமை. மேடையில் ஆப்பராப் பகுதி வந்ததும் குழுவினர் இருட்டில் உள்ளே போய்விடுவார்கள். நாடாவில் பதிந்த குரல்கள் ஒலிக்கும். கிட்டார் வெடித்துக் கிளம்பும் இடத்தில்தான் திரும்பி வருவார்கள். 1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளி அரங்கில் நடந்த ‘லைவ் எய்ட்’ நிதி திரட்டும் நிகழ்ச்சியிலோ, தொடக்கத்தில் வரும் மெதுவான பகுதியை மட்டும் பாடிவிட்டு அடுத்த பாடலுக்குத் தாவினார்கள். தன்னைப் படைத்தவர்களாலேயே மேடையில் முழுமையாகப் பாட முடியாத ஒன்றைத் தலைசிறந்த படைப்பு என்று தயங்காமல் சொல்லலாம்; கீதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: 2017இல் லண்டன் ஹைட் பார்க்கில், கிரீன் டே குழு மேடையேறுவதற்கு முன் காத்திருந்த கூட்டம் ‘போஹீமியன் ராப்சடி’யை முதலிலிருந்து கடைசிவரை பாடியதே. உங்கள் வாதம் அங்கேயே அடிபட்டுப் போகவில்லையா?

பதில்: இதுவரை வந்த எதிர்ப்புகளில் வலுவானது இதுதான். பல்லாயிரக்கணக்கானோர் ஆப்பராப் பகுதியைக்கூட விடாமல் பாடினார்கள். கிட்டார் இசைக்கும் பகுதியையும் வாயாலேயே முழங்கினார்கள். ஆனாலும் அந்தக் காணொளியைக் கவனமாகக் கேட்டுப் பாருங்கள். ஒலிபெருக்கியில் அசல் பதிவு ஓடுகிறது. கூட்டம் அதைப் பின்தொடர்கிறது. ஒலிபெருக்கியை நிறுத்தியிருந்தால் ஆப்பராப் பகுதியில் யார் எந்தக் குரலை எடுப்பது என்று தெரியாமல் பாட்டு கலைந்துபோயிருக்கும் என்றே நினைக்கிறேன். பதிவின் துணையில்லாமல், குழுவின் துணையும் இல்லாமல், முன்பின் அறியாதவர்கள் கூடி நின்று எடுத்த எடுப்பில் பாடக்கூடியதாக இருக்க வேண்டும்; அதே நேரத்தில் அந்தக் குழுவைத் தவிர வேறெவரும் உருவாக்கியிருக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்தே நான் அளக்கிறேன்.

கேள்வி: ‘வீ வில் ராக் யூ’வும் ‘வீ ஆர் த சாம்பியன்ஸ்’ஸும் ஒரே நிகழ்விலிருந்து பிறந்தவை என்பது உண்மையா?

பதில்: உண்மை. 1977இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் ஊரிலுள்ள பிங்லி ஹாலில் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு குழுவினர் மேடையைவிட்டு இறங்கிய பிறகு, கூட்டம் கலையாமல் நின்று, லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் பாடும் ‘யூல் நெவர் வாக் அலோன்’ பாடலை அவர்களுக்காகப் பாடியது. அதுவரை பாடகர்கள் பாட, ரசிகர்கள் கேட்பதே வழக்கம் என்றிருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்வைத் தந்தது. கூட்டமும் பங்கேற்கும் பாட்டை நாமே எழுதினால் என்ன என்ற எண்ணத்தில் மே ஒன்றை எழுதினார், மெர்குரி இன்னொன்றை எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் வெளியான ‘நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்’ ஆல்பத்தின் முதல் இரண்டு பாடல்கள் அவைதாம்.

மேயின் பாடல் உருவான விதம் தனியே சொல்லத்தக்கது. நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தால் என்ன செய்ய முடியும் என்று யோசித்து, காலை இரண்டு முறை தரையில் உதைத்து ஒரு முறை கைதட்டுவது என்று முடிவு செய்தார். லண்டனிலிருந்த வெஸெக்ஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில் கிடந்த பழைய மரப்பலகைகளின்மேல் ஏறி நின்று உதைத்துத் தட்டி, அதைப் பலமுறை பதிந்தார்கள். இயற்பியல் படித்தவரான மே, அந்த ஒலிகளை எதிரொலிபோலத் தோன்றாதபடி வெவ்வேறு கால இடைவெளிகளில் தள்ளி வைத்தார். அந்த இடைவெளிகளுக்குப் பகா எண்களின் விகிதத்தைப் பயன்படுத்தியதாக அவரே விளக்கியிருக்கிறார். விளைவாக, கேட்பவர் ஒரு பெரும் கூட்டத்தின் நடுவில் நிற்பதைப் போன்ற உணர்வு கிடைக்கிறது. பாடலில் டிரம்ஸும் இல்லை, பேஸ் கிட்டாரும் இல்லை. கிட்டாரே கடைசிப் பகுதியில்தான் நுழைகிறது.

கேள்வி: அப்படியானால் ‘வீ வில் ராக் யூ’ அல்லவா உங்கள் தேர்வாக இருந்திருக்க வேண்டும்? இசைக்கருவியே தேவைப்படாத பாட்டாயிற்றே?

பதில்: என் அளவுகோலின் முதல் பாதியில் அதற்கு நிகர் எதுவுமில்லை. ஆனால் இரண்டாவது பாதியில் அது தடுமாறுகிறது. அதன் தாளம் இன்று எந்த விளையாட்டரங்கிலும் ஒலிக்கிறது; தட்டுகிறவர்களில் பலருக்கு அது குயின் பாட்டு என்ற நினைவே இருப்பதில்லை. ஏறக்குறைய நாட்டார் பாடலாகவே ஆகிவிட்டது. ஒரு பாடலுக்கு இதைவிடப் பெரிய பேறு இல்லைதான். ஆனால் நாம் தேடுவது குழுவின் முகம் தெரியும் பாடலை. டீக்கனின் பேஸும் மெர்குரியின் பியானோவும் இல்லாத ஒன்றில் அந்த முகம் பாதிதான் தெரிகிறது.

கேள்வி: பியானோ பயில்கிறேன். ‘வீ ஆர் த சாம்பியன்ஸ்’ பாடலில் குயினின் முகம் எங்கே தெரிகிறது என்று இசையை வைத்துச் சொல்ல முடியுமா?

பதில்: சரணம் சி மைனரில், தனிக்குரலும் பியானோவுமாக, ஒருவர் தன் தோல்விகளைக் கணக்குப் பார்ப்பதுபோல அடங்கித் தொடங்குகிறது. ஊசலாடும் ஆறெட்டுத் தாளம். ராக் பாடல்களுக்குரிய நாலு தட்டு அல்ல. பல்லவி எஃப் மேஜருக்கு ஏறும் இடத்தில், ‘போஹீமியன் ராப்சடி’யில் கேட்ட அதே அடுக்குக் குரல்கள் மெர்குரியின் குரலுக்குப் பின்னால் சுவர்போல எழும்புகின்றன; வரிகளுக்கு இடையே மேயின் கிட்டார் பதில் சொல்கிறது. ஆப்பராப் பகுதியில் ஏறக்குறைய ஒரு நிமிடம் செலவிட்ட வித்தையை இங்கே நான்கு வரிக்குள் அடக்கி, அதன் உச்சக் குரலை மட்டும் யாரும் பிடித்துக்கொள்ளும்படி விட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆல்பத்திலுள்ள பதிவில், கடைசிப் பல்லவியின் முடிவில் ‘ஆஃப் த வேர்ல்ட்’ என்ற சொற்கள் வருவதில்லை. பாட்டு அதற்கு முன்பே நின்றுவிடுகிறது. வருவதாகச் சத்தியம் செய்கிறவர்கள் ஏராளம். லைவ் எய்ட் உள்ளிட்ட மேடைகளில் மெர்குரி அதைச் சேர்த்தே பாடி முடித்ததும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியானாலும், பதிவு முடிக்காமல் விட்ட வரியைக் கூட்டம் தானாகவே முடித்துவிடுகிறது என்பது என் தரப்புக்கு நல்ல சாட்சி.

கேள்வி: வெற்றி பெற்றவர்களின் ஆணவத்தைக் கொண்டாடும் பாட்டு அது. அதை ஒரு குழுவின் அடையாளமாக்கலாமா?

பதில்: அந்தக் குற்றச்சாட்டு பாடல் வெளியான நாளிலிருந்தே இருக்கிறது. பங்க் இசை பெரும் நட்சத்திரங்களை எள்ளி நகையாடிக்கொண்டிருந்த 1977இல் (செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவும் அதே வெஸெக்ஸ் கூடத்தில்தான் பதிவில் இருந்தது) இப்படியொரு பாட்டை வெளியிட அசாத்தியத் துணிச்சல் வேண்டும். ‘நான்’ என்று தொடங்கும் பாட்டு பல்லவியில் ‘நாம்’ என்று மாறுவதால், கேட்பவரையும் அது உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பது ஆதரிப்பவர்களின் வாதம். நானும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் தோற்றவர்களுக்கு இங்கே நேரமில்லை என்ற பொருளில் வரும் அந்த ஒரு வரி எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதை நியாயப்படுத்தப் போவதில்லை.

கேள்வி: லைவ் எய்டில் எல்லாரையும் மெய்சிலிர்க்க வைத்தது ‘ரேடியோ கா கா’தானே?

பதில்: காட்சியாகப் பார்த்தால் அதுவேதான். ராஜர் டெய்லர் எழுதி 1984இல் வந்த பாடல். ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபொலிஸ்’ படக் காட்சிகளை இணைத்து எடுத்த காணொளியில், ரசிகர் மன்றத்தினர் வரிசையாக நின்று தலைக்குமேல் கைகளை உயர்த்தி இரட்டைத் தட்டு தட்டுவார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தே கற்றுக்கொண்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர், வெம்ப்ளியில் யாரும் சொல்லாமலே ஒரே நேரத்தில் தட்டினார்கள். அந்தக் கைகளை மறக்க முடியாது. ஆனால் அங்கே நினைவில் நிற்பவை கைகள்தாம், பாட்டு அல்ல.

கேள்வி: அமெரிக்காவில் முதலிடம் பிடித்த குயின் பாடல்கள் இரண்டுதான். அவற்றை ஏன் யாரும் பேசுவதில்லை?

பதில்: ‘கிரேஸி லிட்டில் திங் கால்டு லவ்’, ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’, இரண்டும் 1980இல் அங்கே முதலிடம் பெற்றன. முன்னது 1950களின் ராக்கபிலி என்ற பழைய ராக் பாணிக்கு மெர்குரி செய்த மரியாதை. பின்னது, அமெரிக்காவின் சிக் குழுவின் நடன இசையில் மயங்கிய டீக்கனின் பேஸ் கிட்டாரால் நிற்பது. இதயத்துடிப்பு நின்றுபோனவருக்கு முதலுதவியாக நெஞ்சை அழுத்தும் வேகத்துக்கு அதன் தாளம் பொருந்துகிறது என்பது ஒரு உபரித் தகவல். இரண்டுமே பிறர் வீட்டு உடையை அழகாக உடுத்திக்கொண்ட பாடல்கள். விற்பனையை வைத்துப் பார்த்தால் அவை முன்னே வரும். அடையாளத்தை வைத்துப் பார்த்தால் வரா.

கேள்வி: ‘டோன்ட் ஸ்டாப் மீ நவ்’?

பதில்: இன்றைய இளையோரின் விருப்பப் பாடல். வெளியான 1979இல் பிரிட்டனில் ஒன்பதாம் இடத்தோடு நின்றது. காதல் பின்னால்தான் பெருகியது. ஒரு தனிமனிதனின் களிப்பு அது. துள்ளிக் குதிக்க அருமையான பாட்டு.

கேள்வி: ‘லவ் ஆஃப் மை லைஃப்’ பற்றி நீங்கள் ஒரு சொல்கூடச் சொல்லவில்லையே? கூட்டம் பாடுவதுதான் அளவுகோல் என்றால் அதை எப்படி விட்டீர்கள்?

பதில்: விடவில்லை, தயங்கிக்கொண்டிருந்தேன். ஆல்பத்தில் பியானோவும் ஹார்ப்பும் ஒலிக்கும் அந்தப் பாடலை, மேடையில் மே பன்னிரண்டு தந்திக் கிட்டாரில் எளிமையாக்கினார். 1981இல் தென்னமெரிக்கப் பயணத்தின்போதும், 1985 ஜனவரியில் ‘ராக் இன் ரியோ’ விழாவிலும், ஆங்கிலம் தாய்மொழியல்லாத பெருங்கூட்டம் வரி பிசகாமல் பாட, மெர்குரி பாடுவதை நிறுத்திவிட்டுக் கையசைத்துக் கூட்டத்தை நடத்தினார். எந்தக் குழுவும் பொறாமைப்படும் தருணம் அது. என்னைத் தடுப்பது ஒன்றுதான்: மேடையில் அது இருவரின் பாட்டு. டீக்கனும் டெய்லரும் இல்லாத குயினை நான் குயினாகக் கேட்பதில்லை. இதை ஏற்க மறுப்பவர்களோடு சண்டை போடவும் மாட்டேன்.

கேள்வி: குழுவினரே எதைத் தங்கள் கீதமாகக் கருதினார்கள்?

பதில்: வாயால் சொன்னதைவிட வரிசைப்படுத்திய விதத்தைப் பார்ப்பது நல்லது. 1977க்குப் பிறகு, 1986 ஆகஸ்ட் 9 அன்று இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் மெர்குரியோடு நடந்த கடைசி நிகழ்ச்சிவரை, நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் முடித்துவைத்தவை ‘வீ வில் ராக் யூ’, ‘வீ ஆர் த சாம்பியன்ஸ்’ என்ற இந்த இரட்டைப் பாடல்கள்தாம். அதன்பின் பிரிட்டனின் தேசிய கீதத்தை மே கிட்டாரில் வாசித்த பதிவு ஒலிக்கும். 1981இல் பிரிட்டனில் வெளியான ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பு ‘போஹீமியன் ராப்சடி’யில் தொடங்கி, ‘வீ ஆர் த சாம்பியன்ஸ்’ஸில் முடிகிறது. முதல் மரியாதை எதற்கு, கடைசிச் சொல் எதனுடையது என்பதை அவர்கள் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: இந்த விவாதத்துக்குப் புதியவன். எதைக் கேட்டுவிட்டு முடிவுக்கு வரலாம்?

பதில்: ‘நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்’டின் முதல் இரண்டு பாடல்களை இடைவெளியில்லாமல் கேளுங்கள். பிறகு 1979இல் வந்த ‘லைவ் கில்லர்ஸ்’ என்ற மேடைப் பதிவுக்குப் போங்கள். அதில் ‘வீ வில் ராக் யூ’ வேகமான வடிவத்தில் நிகழ்ச்சியைத் தொடங்கிவைக்கும், ‘லவ் ஆஃப் மை லைஃப்’பைக் கூட்டம் பாடும், ‘போஹீமியன் ராப்சடி’யின் நடுப்பகுதியில் நாடா ஓடும், இறுதியில் இரட்டைப் பாடல்கள் வரும். நாம் இங்கே வாதாடிய பாடல்களில் பெரும்பாலானவற்றை ஒரே தொகுப்பில் அருகருகே வைத்துப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் ‘போஹீமியன் ராப்சடி’தான் என்று தோன்றினால், காரணத்தோடு எழுதுங்கள்.