கேள்வி பதில்: இடுப்பளவு தண்ணீரில் சின்ன கேமரா

வேலூரில் கேமரா பழுதுபார்ப்பது என் தொழில். கோடை விடுமுறை தொடங்கியதும் தண்ணீர் புகுந்த சின்ன கேமராக்கள் மேசைக்கு வர ஆரம்பித்துவிடும். அவற்றில் கடலுக்குப் போனவை குறைவு. பம்பு செட்டுக் கிணறு, ஏரிக்கரை, அமிர்தி ஓடை, ஏலகிரி அடிவாரம் என்று ஆள் ஆழம்கூட இல்லாத தண்ணீரில் கெட்டவைதான் அதிகம். கேமராவுக்கு எந்த உறை, அதை எப்படி மூடுவது, எப்படிச் சோதிப்பது என்று கேட்டால் விரிவாகச் சொல்கிறேன். எந்தக் கடையில் விலை குறைவு என்று மட்டும் கேட்க வேண்டாம்.

கேள்வி (குடியாத்தம்): சார், என்னிடம் கேனான் இக்சஸ் கேமரா ஒன்று இருக்கிறது. எங்கள் நிலத்துக் கிணற்றில் என் மகள் கேன் கட்டி நீச்சல் பழகுகிறாள். படியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, தண்ணீருக்கு அடியிலும் கொஞ்சம் படம் எடுக்க ஆசை. பிளாஸ்டிக் பவுச் போதுமா, கெட்டி கேஸ் வாங்க வேண்டுமா?

பதில்: நல்ல ஆசை அம்மா. அந்தப் படங்கள் உங்கள் வீட்டில் ரொம்ப நாள் இருக்கும். அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

உங்கள் கேமராவை ஆன் செய்தால் லென்ஸ் வெளியே நீளும். செல்போனுக்கென்று விற்கும் தட்டைப் பவுச்சில் அதைப் போட்டால், நீளும் லென்ஸ் பிளாஸ்டிக்கில் முட்டி நிற்கும். உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள் அந்த முட்டலைத் தாங்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலே பழுதாகி வரும் கேமராக்கள் இப்படிப்பட்டவை. ஆகவே பவுச் வாங்கினால், முன்பக்கம் லென்ஸுக்கென்று குழாய் மாதிரி நீட்டிய, கண்ணாடி வைத்த வகையாகப் பாருங்கள். லென்ஸ் முழுதாக நீண்டாலும் அந்தக் குழாய்க்குள் இடம் இருக்க வேண்டும். ஜூமைத் தொடாதீர்கள். லென்ஸ் அந்தக் கண்ணாடியில் முட்டாமல், ஆனால் கிட்டவே இருக்கட்டும், விலகினால் படத்தின் மூலைகள் கறுத்துப்போகும்.

கெட்டி கேஸ் என்பது அந்தந்த மாடலுக்கென்றே வார்த்தது. கேனானில் டபிள்யூபி-டிசி என்று தொடங்கும் வரிசை, பெரும்பாலானவற்றில் 40 மீட்டர் வரை என்று குறித்திருப்பார்கள். பட்டன் எல்லாம் வெளியிலிருந்தே அழுத்தலாம், படமும் தெளிவாக வரும். ஆனால் பக்கத்து மாடலின் கேஸ் உங்கள் கேமராவுக்குப் பொருந்தாது. பழைய மாடலுக்குப் பழைய கேஸ்தான் கிடைக்கும். அப்படி வாங்கினால் அதிலிருக்கும் ரப்பர் வளையத்தை, அதாவது ஓ-ரிங்கை, நம்பாமல் புதிதாக மாற்றுங்கள்.

ஒரு கோடைக்கு, படியில் நின்று எடுக்க, லென்ஸ் குழாய் வைத்த நல்ல பவுச் போதும். வருடா வருடம் எடுப்பதாக இருந்தால் கேஸ் வாங்குங்கள், அல்லது தண்ணீருக்கென்றே செய்த கேமராவுக்கு மாறிவிடுங்கள். ஒலிம்பஸ் டிஜி-6, அதற்கடுத்து 2023-இல் ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வந்த டிஜி-7 இரண்டும் உறை இல்லாமலே 15 மீட்டர் வரை போகும்.

எது வாங்கினாலும் இதைச் செய்யுங்கள். கேமரா இல்லாமல், உள்ளே காய்ந்த டிஷ்யூ தாளும் கனத்துக்கு ஒரு கூழாங்கல்லும் வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி வையுங்கள். இடையிடையே அமுக்கி, பட்டன்களையும் அழுத்திப் பாருங்கள். எடுத்து வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்த பிறகு திறங்கள். டிஷ்யூ ஓரத்தில் ஈரப்புள்ளி ஒன்று இருந்தால்கூட அந்த உறை வேண்டாம். வாங்கிய அன்று மட்டும் செய்தால் போதாது, ஒவ்வொரு முறை போகும் முன்பும் செய்ய வேண்டும். மிதக்கும் பட்டை ஒன்றும் கட்டுங்கள். கிணற்றில் நழுவினால் பாதாளக்கரண்டி போட்டுத்தான் தேட வேண்டும்.

கேள்வி (ஆம்பூர்): என் போன் ஐபி68. உறை எதற்கு?

பதில்: ஐபி என்பது தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் தர எண். ஐபி68 என்பதில் கடைசி எண் 8 தண்ணீருக்கு, ஒரு மீட்டருக்கு மேல், கம்பெனி சொல்லும் ஆழத்துக்கும் நேரத்துக்கும். அது போனுக்குப் போன் மாறும். ஒன்றில் ஒன்றரை மீட்டர், இன்னொன்றில் 6 மீட்டர், இரண்டும் அரை மணி நேரம்தான். சோதிப்பது புது போனை, அசையாத சுத்தமான நல்ல தண்ணீரில். உங்கள் போன் கீழே விழுந்ததா, டிஸ்ப்ளே மாற்றியதா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் புகுந்தால் பெரும்பாலான கம்பெனிகள் வாரன்டி தருவதில்லை. தண்ணீருக்குள் டச் ஸ்கிரீனும் சரியாக வேலை செய்யாது. உறை போடுங்கள், முதலில் காலியாக முக்கிப் பாருங்கள்.

கேள்வி (திருப்பத்தூர்): ஜலகாம்பாறை அருவிக்கு அடியில் பவுச்சில் கேமராவைப் பிடிக்கலாமா?

பதில்: வேண்டாம். முக்குவது வேறு, கொட்டும் தண்ணீரின் அடி வேறு. ஐபிஎக்ஸ்7 என்பது முக்கிப் பார்க்கும் சோதனை, அதில் தண்ணீர் பீய்ச்சி அடிப்பது கிடையாது, அதற்கு 5, 6 என்று தனி எண்கள் உண்டு. தள்ளி நின்று எடுங்கள்.

கேள்வி (காட்பாடி): அண்ணா, கிணற்று மேட்டிலிருந்து கேமராவைக் கையில் வைத்துக்கொண்டே குதித்து வீடியோ எடுக்கப் போகிறேன். தண்ணீருக்குள் ஒரு ஆள் ஆழம்கூடப் போகமாட்டேன். 5 மீட்டர் பவுச் தாங்குமா?

பதில்: தம்பி, நீ எவ்வளவு ஆழம் போகிறாய் என்பதைவிட எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறாய் என்று பார். 5 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் தண்ணீரைத் தொடும்போது உன் வேகம் நொடிக்குச் சுமார் 10 மீட்டர், மணிக்கு 36 கிலோமீட்டர் கிட்ட வரும். அந்த வேகத்தில் தண்ணீர் கேமராவை எதிர்க்கும் அழுத்தம், 5 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தத்துக்குச் சமம். கணக்குப் போட்டால் விழும் உயரமே ஆழமாக வந்து நிற்கும். தட்டையாக அறைந்தால் முதல் கணத்தில் அதற்கும் மேல். ஆக மேற்பரப்பைத் தொடும்போதே உன் பவுச் அதன் எல்லையில் இருக்கும். கையை வீசி நீந்துவதற்குப் பயப்பட வேண்டாம், நொடிக்கு 2 மீட்டர் வேகம் என்றாலும் அது 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் சமம்.

கேமராவோடு குதிக்காதே. நண்பன் ஒருவன் தண்ணீருக்குள் படியோரம், நீ விழும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, கேமராவைப் பிடித்துக் காத்திருக்கட்டும். நீ விழுந்து குமிழிகளோடு வரும் படம், கையில் வைத்து எடுத்ததைவிட அழகாக இருக்கும். கோப்ரோ என்ற சின்ன ஆக்‌ஷன் கேமராவில் ஹீரோ5 பிளாக்கிலிருந்து பிளாக் வரிசை உறையில்லாமல் 10 மீட்டர் தாங்கும். ஆனாலும் குதிக்கும்போது கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும்.

கேள்வி (ஆரணி): கேஸில் தண்ணீர் போகவில்லை, ஆனாலும் கண்ணாடி உள்பக்கம் பனி படர்ந்து படமெல்லாம் மங்கல். ஏன்?

பதில்: உள்ளே அடைபட்ட காற்றின் ஈரம்தான் அது. வெயிலில் சுட்ட கேஸைக் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரில் விட்டதும் கண்ணாடியில் படிகிறது. கரையில் வைத்து மூடாதீர்கள். வீட்டிலேயே, ஏசி அறை இருந்தால் அதில், உலர்ந்த கையோடு மூடிவிடுங்கள். ஈரம் உறிஞ்சும் புது சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்றை ஓ-ரிங்கில் படாமல் உள்ளே செருகுங்கள். போகும் வழியில் ஈரத் துண்டு சுற்றி நிழலில் வையுங்கள்.

கேள்வி (வாலாஜா): போன் ஐபி67. ஏரியில் இறக்கலாமா?

பதில்: ஆம்பூர்காரருக்குச் சொன்னதுதான். 7 என்றால் ஒரு மீட்டர், அரை மணி.

கேள்வி (ராணிப்பேட்டை): தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். குடியாத்தத்து அம்மாவுக்குக் கெட்டி கேஸையும் வாளியில் முக்கச் சொல்கிறீர்கள். 40 மீட்டர் தாங்குவது மூன்றடித் தண்ணீரில் எப்படி ஒழுகும்? கம்பெனி எழுதியது பொய்யா?

பதில்: பொய் இல்லை ஐயா. இதைக் கேட்டதற்கு நன்றி, இதுதான் எல்லோரும் ஏமாறும் இடம். கேஸின் பின்கதவு 12-க்கு 9 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் 100 கிராம் அழுத்துகிறது. கதவு முழுக்கச் சுமார் 11 கிலோ. 40 மீட்டரில் அதே கதவின் மேல் 430 கிலோவுக்கு மேல். அந்தப் பாரம்தான் கதவை ஓ-ரிங்கின் மேல் இறுக்குகிறது. ஒரு சாண் தண்ணீரில் இரண்டரை கிலோ பாரம்கூட இல்லை, கொக்கி ஒன்றுதான் பிடிமானம். ஓ-ரிங்கின் குறுக்கே ஒரு தலைமுடி கிடந்தால் தண்ணீர் உள்ளே வர அங்கேதான் வசதி.

ராணிப்பேட்டை: ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஃபிளேஞ்ச் ஜாயின்டில், அதாவது இரண்டு குழாய்களின் தட்டு விளிம்புகளைப் போல்ட் போட்டு இணைக்கும் இடத்தில், அழுத்தம் ஏற ஏற ஒழுகலும் ஏறும். முப்பது வருஷம் அதைத்தான் பார்த்தேன்.

பதில்: நீங்கள் பார்த்தது சரி. குழாயில் அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளி, ஃபிளேஞ்ச் இரண்டையும் பிரிக்கப் பார்க்கும். கேமரா கேஸில் அழுத்தம் வெளியிலிருந்து வந்து மூடியைச் சேர்க்கிறது. திசை மாறிவிட்டது.

ஆற்காடு: நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டு உள்மூடி குக்கரிலும் இப்படித்தான். அடுப்பில் வைத்த புதிதில் ஓரத்தில் புஸ்ஸென்று ஆவி போகும். பிரஷர் ஏறியதும் தானாக நின்றுவிடும்.

பதில்: அதே விஷயம்தான் அம்மா. அழுத்தம் மூடியை விளிம்போடு சேர்க்கும்வரை காஸ்கெட் முழுதாகப் பிடிக்காது.

ராணிப்பேட்டை: குக்கர் ஓரத்தில் மணல் கிடையாதே. மணல் துகள் மாட்டினால் ஆழத்தில் ஒழுகாதா?

பதில்: ஒழுகும், இன்னும் வேகமாக ஒழுகும். அதில் நீங்கள் சொல்வதுதான் சரி. மெல்லிய முடி என்றால் இறுகும் ரப்பர் அதைச் சுற்றிப் படிந்து அடைத்துவிட வழி உண்டு. மணல் துகள் எந்த ஆழத்திலும் கதவைத் தூக்கியே வைத்திருக்கும். ஆனால் மணல் யார் கேஸில் புகுகிறது? ஆழ்கடலில் முக்குளிப்பவர்கள் அறையில் விளக்கடியில் உட்கார்ந்து, ஓ-ரிங்கைத் துடைத்து, ஒருமுறை மூடினால் மேலே வந்த பிறகுதான் திறப்பார்கள். நாம் ஓடைக்கரையில் மெமரி கார்டு மாற்ற ஒருமுறை, எடுத்த படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒருமுறை, ஈரக் கையோடு திறந்து மூடுகிறோம். இடுப்பளவுத் தண்ணீரில் கேமரா சாவதற்கு ஆழம் காரணம் இல்லை ஐயா, இந்தக் கரைதான் காரணம்.

ராணிப்பேட்டை: மச்சான் வீட்டில் ஒரு பழைய கேஸ் இருக்கிறது. முடி ஒன்றை வைத்து, வாளியிலும் கிணற்றின் அடியிலும் நானே முக்கிப் பார்த்துவிடுகிறேன்.

பதில்: அவசியம் செய்யுங்கள். கேமரா வேண்டாம், டிஷ்யூவும் கல்லும் போதும். இரண்டு இடத்திலும் ஒரே நேரம் வையுங்கள்.

கேள்வி (ஆற்காடு): அப்படியானால் ஓ-ரிங்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பதில்: கூடவே கூடாது. வாசலினும் வேண்டாம், சில ரப்பர்களை அது உப்ப வைக்கும். கேஸோடு வரும் கிரீஸை மட்டும், வளையம் லேசாக மினுக்கும் அளவுக்கு விரலால் தடவுங்கள். கிரீஸ் தண்ணீரைத் தடுப்பதில்லை, வளையம் முறுக்கிக்கொள்ளாமல் உட்கார உதவுகிறது. அதிகம் பூசினால் முடியும் தூசியும் அதில்தான் ஒட்டும். வளையத்தைக் கழற்ற ஊசி, பின் எதுவும் வேண்டாம், விரலால் தள்ளி எடுங்கள்.

கேள்வி (காவேரிப்பாக்கம்): ஏரித் தண்ணீருக்குள் கெண்டை மீனை எடுத்தால் ஒரே வெள்ளைப் புள்ளி மயம். லென்ஸ் பழுதா?

பதில்: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. ஃபிளாஷை அணையுங்கள். தண்ணீரில் மிதக்கும் வண்டல் துகள்கள் அந்த ஒளியைத் திருப்பி அடிக்கின்றன. முன்பகல் பத்து மணிக்கு மேல், வெயில் முதுகுப்பக்கம் இருக்க, ஒரு முழத்துக்குள் நெருங்கி எடுங்கள். தண்ணீருக்குள் பொருள்கள் இருப்பதில் முக்கால் தூரத்தில் இருப்பதாகத் தெரியும். அதனால் நெருங்கிவிட்டோம் என்று தோன்றினாலும் இன்னும் கொஞ்சம் நெருங்குங்கள். கலங்கலுக்கு உறையால் ஒன்றும் செய்ய முடியாது, மழை ஓய்ந்து தண்ணீர் தெளியக் காத்திருக்க வேண்டும்.

கேள்வி (சோளிங்கர்): என் போன் ஐபி68, உறை வேண்டுமா?

பதில்: மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (வேலூர்): கோட்டைக்குப் பக்கம் நல்ல பவுச் எந்தக் கடையில்?

பதில்: கடை சொல்வதில்லை. எங்கே வாங்கினாலும் காலியாக முக்கிப் பாருங்கள்.

கேள்வி (பள்ளிகொண்டா): பாலாற்றில் தண்ணீர் வரும்போது முழங்கால் அளவில் இறங்கி எடுக்கலாமா?

பதில்: இதில் கேமராவைப் பற்றிப் பேசவே மாட்டேன். மணல் அள்ளிய குழிகள் எங்கே இருக்கின்றன என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் அளவு என்று வைத்த அடுத்த அடியில் ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கலாம். 2021 நவம்பரில் வெள்ளம் வந்த வேகத்தையும் பார்த்திருப்பீர்கள். பாலத்தின் மேலிருந்து எடுங்கள்.

கேள்வி (வாணியம்பாடி): அண்ணா, அவசரம். இப்போதுதான் பவுச்சுக்குள் தண்ணீர் போய்விட்டது. கேமரா நனைந்துவிட்டது. அரிசி மூட்டையில் போடவா?

பதில்: அரிசி வேண்டாம். அது உள்ளே இருக்கும் ஈரத்தை இழுக்காது, தூசியும் மாவும்தான் துளைகளில் புகும். ஆன் செய்து பார்க்காதே, சார்ஜ் போடாதே. பேட்டரியையும் கார்டையும் உடனே எடு. பேட்டரி உப்பியிருந்தாலோ சுட்டாலோ அதை வீட்டுக்குள் வைக்காதே. மூடிகளைத் திறந்து, லென்ஸ் கீழே பார்க்கும்படி காய்ந்த துணி மேல் வைத்து, மின்விசிறிக் காற்றில் விடு. ஹேர் டிரையர் சூடு வேண்டாம். கார்டைத் துடைத்துக் காய வைத்தால் படங்கள் பெரும்பாலும் பிழைத்துவிடும். கிணற்றுத் தண்ணீரா, ஏரித் தண்ணீரா என்று ஒரு சீட்டில் எழுதி, நாளைக் காலையே பக்கத்தில் பழுதுபார்ப்பவரிடம் கொடு. நாள் தள்ளினால் உள்ளே பச்சை பூத்துவிடும்.