வக்கீல் மாதிரி யோசிப்பது எப்படி? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்தவர்தானே நல்ல வக்கீல்?

பிரிவு புத்தகத்தில் இருக்கிறது, எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். கட்சிக்காரர் கதை சொல்லும்போது, இதில் எந்த விவரத்தை மாற்றினால் முடிவு மாறும் என்று மனசுக்குள் ஓட வேண்டும், அங்கேதான் வேலை தொடங்குகிறது. எதையும் மாற்றாத விவரம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் வழக்குக்கு உதவாது.

புரியவில்லை, ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.

சட்ட மாணவர்கள் எல்லோரும் படிக்கிற நத்தை வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1928-ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் டோனோஹியூ என்ற பெண்ணுக்குக் கூட வந்தவர் ஜிஞ்சர் பீர் வாங்கித் தருகிறார். பாட்டில் கருநிறம், உள்ளே இருப்பது தெரியாது. கொஞ்சம் குடித்த பிறகு மிச்சத்தை ஊற்றினால் அழுகிய நத்தை விழுந்தது, அதனால் உடம்புக்கு முடியாமல் போனது என்பது அவர் புகார். காசு கொடுத்தது இன்னொருவர், ஆகவே கடைக்காரரோடு இவருக்கு ஒப்பந்தமே இல்லை. தயாரித்தவர் மேல் வழக்குப் போட்டார், 1932-ல், அன்றைக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில் 3-க்கு 2 என்ற கணக்கில் இவர் பக்கம் தீர்ப்பானது.

இப்போது விவரங்களை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். நத்தைக்குப் பதில் கரப்பான் என்றால்? ஒன்றும் மாறாது. பானத்துக்குப் பதில் துணி? இந்தக் கேள்வி நிஜமாகவே வந்தது, ஆஸ்திரேலியாவில் ஒருவருக்குக் கம்பளி உள்ளாடையில் தங்கியிருந்த ரசாயனத்தால் தோல் நோய். 'அது மூடி போட்ட பாட்டில், இது வெறும் துணி' என்று தயாரிப்பாளர் தரப்பு வாதாடியும் எடுபடவில்லை, ஏனென்றால் இரண்டிலும் பழுது கண்ணுக்குத் தெரியாதது. சரி, பாட்டில் தெளிவான கண்ணாடி, நத்தை மிதப்பதைப் பார்த்துக்கொண்டே குடித்தார் என்று வையுங்கள். அங்கே வழக்கு ஆட்டம் காண்கிறது.

அந்த நத்தை நிஜமாகவே இருந்ததா?

அருமையான கேள்வி! கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை. அவர் சொல்வதெல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டால் வழக்கு நிற்குமா, அதை மட்டும்தான் பிரபுக்கள் சபை முடிவு செய்தது, சாட்சி விசாரணைக்கு வருவதற்குள் சமரசமாகிவிட்டது.

நண்பனுக்குக் கடன் கொடுத்தேன், பணம் அனுப்பிய ரசீது கையில் இருக்கிறது. ஜெயிப்பேன்தானே?

பணம் போனதற்குத்தான் ரசீது ஆதாரம். அது கடன் என்பதற்கு? அவர் 'அன்பளிப்பாகத் தந்தார்' என்றோ 'பழைய பாக்கியைத் தீர்த்தார்' என்றோ சொன்னால் என்ன காட்டுவீர்கள்? 'அடுத்த மாசம் திருப்பித் தர்றேன்' என்று அவர் அனுப்பிய ஒரு வரி இருக்கிறதா, முதலில் அதைத் தேடுங்கள். நிரூபிக்கும் பொறுப்பு பணத்தைக் கேட்பவர் தலையில், நண்பர் நாணயமானவர் இல்லை என்று என்னிடம் அரைமணி நேரம் புலம்புவதால் அது இறங்காது.

மனசாட்சியை ஓரம் கட்டினால்தான் எதிர்த்தரப்புக்காகவும் யோசிக்க முடியுமா?

அப்படி ஒன்றும் இல்லை. நான் வழக்கைத் தயார் செய்யும்போது முதலில் எதிராளியின் வாதத்தைத்தான் எழுதுவேன், என் ஓட்டைகள் அங்கேதான் தெரியும். சிலசமயம் எழுதி முடித்ததும் கட்சிக்காரரைக் கூப்பிட்டு 'சமரசம் பேசிடலாமா?' என்று கேட்டதுண்டு.

வீட்டிலும் இப்படித்தான் பேசுவீர்களா?

ஒருமுறை 'நீங்க எப்பவுமே லேட்' என்ற புகாருக்கு, 'எப்பவுமே' என்பதை உடைக்க ஒரே ஒரு எதிர் உதாரணம் போதும் என்று தேதியோடு சொன்னேன். வாதம் சரிதான். அன்றைக்கு ராத்திரி நானே சமைத்துச் சாப்பிட்டேன்.