சின்ன ஹாலில் ராக் பேண்ட்: குரல் ஏன் அமுங்குகிறது?

கேள்வி: அண்ணாச்சி, நாங்கள் பாளையங்கோட்டையில் படித்த நண்பர்கள். பெங்களூரில் ஒரு சின்ன கிளப்பில் இண்டி ராக் (பெரிய கம்பெனி இல்லாமல் சொந்தமாகப் பாட்டுப் போடும்) பேண்டுகளைக் கேட்டுவிட்டு வந்து, அதேபோல் இங்கேயும் ஒரு ராத்திரி நடத்தினோம். 100 பேர் கொள்ளும் ஹால், மூன்று பேண்ட், எல்லாம் சொந்தப் பாட்டு. கிட்டாரும் டிரம்ஸும் காதைப் பிளந்தன. பாடியவர் பாட்டில் ஒரு வரிகூடப் புரியவில்லை. குரலைக் கூட்டினால் மைக் கூவியது. அடுத்த தடவை பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் எடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. பெரிய பாக்ஸ் வந்தால் வாடகைதான் ஏறும், குரல் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

உங்கள் சிக்கல் மேடையில் இருக்கிறது. டிரம்ஸை ஓங்கி அடித்தால் பக்கத்தில் சத்தம் 100 டெசிபலை (சத்தத்தை அளக்கும் அலகு) சுலபமாகத் தாண்டும். அந்த அளவு ஹாலுக்கு அதற்கு மைக்கே தேவையில்லை. டிரம்ஸ் சத்தத்தில் தன் கிட்டார் கேட்கவில்லை என்று கிட்டார்காரர் ஆம்பைத் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) திருகுவார். அவரைப் பார்த்து பேஸ் கிட்டார்காரர் திருகுவார். பாடுகிறவர் தன் குரல் கேட்காமல், மேடையில் தன்னைப் பார்த்து வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரைக் கூட்டச் சொல்வார். மானிட்டரில் வரும் குரலை மைக் மறுபடி பிடிக்கும், அது மறுபடி மானிட்டருக்குப் போகும். இந்தச் சுற்றுதான் கூவலாக வருகிறது. மைக்கை மாற்றினாலும் கூவத்தான் செய்யும்.

சொந்தப் பாட்டு என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சினிமாப் பாட்டு என்றால் குரல் அமுங்கினாலும் ஜனம் கூடவே பாடிவிடும், வரி எல்லாருக்கும் மனப்பாடம். உங்கள் பையன் எழுதிய வரியை அன்றைக்குத்தான் ஊர் முதல்முதலாகக் கேட்கிறது. அது காதில் விழாமல் போனால் பாட்டே போன மாதிரி.

நான் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு ரேடியோ செட் கட்டி வளர்ந்தவன். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் வரும் வில்லுப்பாட்டு ஊர் எல்லை தாண்டியும் வரி வரியாகப் புரியும். குழாயில் 'கும்' என்ற கனத்த அடி ஒலி அவ்வளவாக வராது, நடு ஒலிதான் வரும். சொல்லைப் புரியவைப்பது அந்த நடு ஒலி. வெட்டவெளியில் முட்டித் திரும்பச் சுவரும் கிடையாது. ஹாலில் நிலைமை வேறு. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 17 மீட்டர் நீள ஹாலில் கடைசிச் சுவரில் முட்டித் திரும்பப் பத்தில் ஒரு விநாடி ஆகும். அதற்குள் பாடகர் அடுத்த எழுத்துக்குப் போயிருப்பார். பழைய எழுத்தும் புதிய எழுத்தும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து வரி கூழாகிவிடும்.

ஆகவே முதலில் டிரம்ஸ். அடியில் தடித்த ஜமுக்காளம் விரியுங்கள். மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய டிரம் குச்சி கடையில் கிடைக்கும், அதில் அடித்தால் சத்தம் நன்றாக இறங்கும். டிரம்ஸ்காரர் முகம் சுளிப்பார், பேசிச் சம்மதிக்க வையுங்கள். கிட்டார் ஆம்பைத் தரையில் வைத்தால் கூர் ஒலியெல்லாம் வாசிப்பவரின் முழங்காலுக்குப் போகும். அவர் காதுக்குக் குறைவாகக் கேட்கும், முன்வரிசைக்காரரைக் குத்தும். ஒரு நாற்காலியில் தூக்கி வைத்து அவர் காதைப் பார்க்கச் சாயுங்கள், தானே குறைத்துவிடுவார். மூன்று பேண்டும் ஒரே டிரம்ஸ், ஒரே ஆம்ப் வைத்துக்கொண்டால் நேரமும் மிச்சம்.

அப்புறம் மைக். பாடும் மைக்கில் பெரும்பாலானவை முன்பக்கம்தான் நன்றாகக் கேட்கும், பின்பக்கம் மந்தம். மானிட்டரை அந்த மந்தமான பக்கத்துக்கு நேரே வையுங்கள். ஹாலுக்கான பாக்ஸ் இரண்டும் மைக்குக்கு முன்னால், ஜனத்தைப் பார்த்து நிற்கணும். பாடுகிறவர் உதடு மைக்கை ஒட்டி இருக்கட்டும். ஆனால் மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்தக் கூடாது. பொத்தினால் அந்த மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்து உடனே கூவும். எல்லா ஒலியையும் கலந்து கூட்டிக் குறைக்கும் மிக்சரில், குரல் வரிசையில் அடி ஒலியை வெட்டும் பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள். வில்லுப்பாட்டில் குடத்தின் 'கும்' புலவர் குரலை விழுங்காமல் இருக்க நாங்களும் அதைத்தான் செய்வோம்.

சுவருக்குத் தடித்த திரை போடலாம். பத்தமடைப் பாய் கட்டலாமா என்று ஒருவர் கேட்டார். அது அழகு, ஆனால் மெல்லிசு, ஒலியைக் குடிக்காது. அதிகமாகக் குடிப்பது மனித உடம்புதான். காலி ஹாலில் மோசமாகக் கேட்டால் பயப்படாதீர்கள், ஜனம் நிறைந்ததும் பாதி சரியாகிவிடும்.

நிகழ்ச்சிக்கு முன்னால் ஒலி பார்ப்பதைக் கடைசியில் வாசிக்கும் பேண்டிலிருந்து தொடங்குங்கள். முதலில் வாசிப்பவர்கள் கடைசியாகப் பார்த்தால் அந்த அமைப்பை அப்படியே விட்டுத் தொடங்கிவிடலாம். ஒவ்வொரு பேண்டும் ஒலி பார்த்து முடித்ததும், அதே அமைப்பைத் திரும்ப வைக்க மிக்சரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாக்ஸில் உறுமல் வருகிறது என்று யாராவது பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்தால் விடவே விடாதீர்கள். கை கிட்டார் கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது கசிவு வந்தால் உயிர் போகும். மேடை முழுவதும் ஒரே எர்த்திலிருந்து எடுங்கள்.

காதுக்கும் கணக்கு உண்டு. 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். வாசலில் நுரை காதடைப்பான் ஒரு டப்பா வையுங்கள். பஞ்சு பயன்படாது. ராத்திரி 10 மணிக்குள் முடித்துவிட்டால் அக்கம்பக்கத்தாருக்கும் நிம்மதி.

முதல் பேண்ட் தொடங்கியதும் மிக்சரை விட்டு எழுந்து கடைசிச் சுவர் வரை நடந்துபோய்க் கேளுங்கள். அங்கே வரி புரியவில்லை என்றால் குரலைத் தொடாதீர்கள். பாட்டு முடிந்ததும் கிட்டார்காரரிடம் போய்க் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.