டெல்டாவில் டைகர் லில்லி பூக்குமா?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் வீடு. இணையத்தில் படம் பார்த்து ஆறு டைகர் லில்லிக் கிழங்குகள் வாங்கினேன். ஐப்பசியில் நான்கைத் தோட்டத்தில் நட்டேன். மூன்று அழுகிவிட்டன. ஒன்று முளைத்து, ஒரு சாண் வளர்ந்து, கார்த்திகை பிறந்த பிறகும் அப்படியே நிற்கிறது. இரண்டு கிழங்குகள் இன்னும் பையில் இருக்கின்றன. இவற்றையாவது பூக்க வைக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் தோட்டத்து மண்ணில் வேண்டாம், தொட்டியில் வையுங்கள். அதுவும் இந்த ஒரு பருவத்துக்கு என்று நினைத்துக்கொண்டு செய்யுங்கள். 'ஒருமுறை நட்டால் வருடா வருடம் பூக்கும்' என்று விற்பவர்கள் எழுதியிருப்பார்கள். குளிர் நாட்டுத் தோட்டத்துக்கு அது உண்மைதான், மன்னார்குடிக்குப் பொருந்தாது.

டைகர் லில்லியின் பூர்வீகம் சீனா, கொரியா, ஜப்பான், ரஷ்யாவின் கிழக்குக் கோடி. அங்கே குளிர்காலம் வந்தால் தண்டும் இலையும் காய்ந்து விழுந்துவிடும். கிழங்கு மட்டும் சில்லிட்ட மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். அந்தக் குளிரை வாங்கிய பிறகுதான் உள்ளே இருக்கும் குருத்து ஒழுங்காக எழும்பிப் பூக்கும். மார்கழிப் பனிக்கு நாம் போர்வையைத் தேடினாலும், டெல்டாவில் அப்போதுகூட இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. கிழங்குக்கு வேண்டியது 5 டிகிரிக்குப் பக்கத்தில், ஆறிலிருந்து எட்டு வாரம். தமிழ்நாட்டில் லில்லிக்கு ஏற்ற இடம் மலைதான். நீலகிரி, பழனி மலைகளின் உயரமான புல்வெளிகளில் வெள்ளைப் பூ விடும் காட்டு லில்லி ஒன்று தானாகவே வளர்கிறது. பூங்கொத்துக் கடைகளுக்குப் போகும் லில்லியத்தையும் நீலகிரியில் பசுமைக்குடில் போட்டு வளர்க்கிறார்கள். சமவெளியில் அந்தக் குளிரை நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

உங்கள் மூன்று கிழங்குகளைக் கெடுத்தது தண்ணீர். சம்பா, தாளடிக்கு ஐப்பசி மழை வேண்டும். கிழங்குக்கு அதைவிட மோசமான மாதம் கிடையாது. உங்கள் பக்கத்துக் களிமண் ஒரு மழையை வாங்கினால் நாள்கணக்கில் விடாது. லில்லிக் கிழங்கோ தோல் இல்லாதது. வெங்காயத்துக்கு இருப்பது மாதிரி மேலே காய்ந்த சருகு எதுவும் இருக்காது; வெளுத்த, சதைப்பற்றான செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஈரம் தேங்கினால் அந்த இடுக்குகளில் பூஞ்சாணம் இறங்கிவிடும். வெறுமனே வெளியே கிடந்தாலும் காய்ந்து சுருங்கிப்போகும்.

ஆகவே பையில் உள்ள இரண்டையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பழுப்பு நிறச் சருகுத் தோலோடு பெரிதாக இருந்தால், உங்களுக்கு வந்திருப்பது டைகர் லில்லியே இல்லை, பெரும்பாலும் அமரில்லிஸ். ஒருவகையில் அது நல்ல செய்தி. அமரில்லிஸ் நம் வெயிலைத் தாங்கும். மழை ஓய்ந்ததும் மேட்டுப்பாத்தியில், கிழங்கின் கழுத்து மண்ணுக்கு வெளியே தெரியும்படி நட்டால் கோடையில் பூக்கும், அடுத்த வருடமும் பூக்கும். செதில் கிழங்காகவே இருந்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். ஓரத்துச் செதில் ஒன்றிரண்டு அழுகியிருந்தால் அவற்றை மட்டும் பிய்த்துப் போடலாம். அடியில் இருக்கும் வேர்களை வெட்ட வேண்டாம்.

இனி குளிர். முளை ஏற்கெனவே விரல் நீளம் வந்திருந்தால், இறக்குமதி செய்தவர்கள் குளிர்பதனத்தில் வைத்திருந்து அனுப்பியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம், நேராக நட்டுவிடுங்கள். முளை இல்லையென்றால் ஃபிரிட்ஜ்தான் வழி. அழுகலைத் தடுக்கும் நுண்ணுயிர்ப் பொடியான சூடோமோனாஸை லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கரைத்து, அதில் கிழங்கை அரைமணி நேரம் ஊறவைத்து, நிழலில் ஈரம் வடியவிடுங்கள். தென்னை நார்க்கழிவை நனைத்து, பிழிந்தால் சொட்டாத பதத்தில் எடுத்து, கிழங்கை அதற்குள் புதைத்து, ஓட்டை போட்ட பாலித்தீன் பையில் கட்டி, அடித்தட்டில் காய்கறி வைக்கும் இடத்தில் வையுங்கள். ஃப்ரீஸரில் வைத்தால் கிழங்கு செத்துவிடும். பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழம், கொய்யா எதுவும் இருக்கக் கூடாது. பழுக்கும் பழங்கள் விடும் எத்திலீன் வாயு உள்ளே உருவாகும் மொட்டைக் கருக்கிவிடும். வாரம் ஒருமுறை திறந்து, பூஞ்சாணம் தெரிகிறதா என்று பாருங்கள். ஃபிரிட்ஜில் இது என்ன என்று வீட்டில் கேட்பார்கள். பையின் மேல் எழுதி ஒட்டிவிடுவது நல்லது, சமையலுக்குப் போய்விடக் கூடாது.

இப்போது வைத்தால் ஆறு வாரம் முடிவதற்குள் மார்கழி பாதி கடந்திருக்கும், மழையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். முளை தலைகாட்டினால் அதற்கு முன்பே எடுத்துவிடலாம்.

தொட்டி ஒரு அடிக்குக் குறையாத ஆழம் வேண்டும், அடியில் துளைகள் தாராளமாக இருக்க வேண்டும். டைகர் லில்லி கிழங்குக்கு அடியில் மட்டும் வேர் விடுவதில்லை. கிழங்குக்கு மேலே, மண்ணுக்குள் இருக்கும் தண்டிலும் வேர் விடும். செடிக்குச் சாப்பாட்டில் பெரும்பகுதி அந்த வேர் வழியாகத்தான் போகிறது. மேலாக நட்டால் அந்த வேருக்கு இடமில்லாமல் போய்விடும். கிழங்கின் தலைக்கு மேல் 12 முதல் 15 செ.மீ. மண் இருக்கட்டும். வயல் மண்ணைத் தொடவே தொடாதீர்கள். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண் இரண்டு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. பச்சைச் சாணம் போட்டால் மறுபடியும் அழுகல்தான். கிழங்கைச் சுற்றி இரண்டு விரல் கனத்துக்கு வெறும் மணல் கொடுத்தால் இன்னும் பாதுகாப்பு.

நட்டதும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். அப்புறம் முளை வரும்வரை மேல்மண் காய்ந்தால் மட்டும் போதும். காலை வெயில் பத்து, பத்தரை மணிவரை விழுந்து, பிறகு நிழல் வரும் இடம் சரியாக இருக்கும். கிழக்குப் பார்த்த திண்ணை ஓரம் அருமை. பகல் முழுக்க இருட்டான மூலையில் வைத்தால் தண்டு சோகை பிடித்துச் சாயும். தை பிறந்துவிட்டால் அறுவடை வைக்கோலுக்குப் பஞ்சமில்லை, தொட்டி மண்ணின் மேல் கனமாகப் பரப்புங்கள். மாசி வெயிலில் இலைகூடத் தாக்குப்பிடிக்கும், வேர் சூடாவதைத்தான் செடி பொறுக்காது. பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் அதைப் பெரிய மண்தொட்டி ஒன்றுக்குள் இறக்கி வைக்கலாம்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை விடாதீர்கள். திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். லில்லிக்கு உப்பு ஆகாது, இலை நுனி கருகுவதில் தொடங்கும். இப்போது பெய்யும் மழையில் இரண்டு குடம் பிடித்து மூடி வைத்தால் தொட்டிக்குப் பல வாரம் காணும். இலைச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். வெள்ளையும் செம்மஞ்சளும் புள்ளி போட்ட கறுப்புப் புழு இலையைத் தின்றால், மருந்தெல்லாம் தேவையில்லை, கையால் பொறுக்கிவிடலாம்.

எல்லாம் சரியாக அமைந்தால் நட்ட மூன்று, மூன்றரை மாதத்தில், பங்குனி வாக்கில் பூக்கும். படத்தில் பார்த்த அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். சூட்டில் தண்டு குட்டையாகவும் பூ சிறிதாகவும் வரும்.

தோட்டத்தில் சாணளவில் நிற்பதை மண்ணோடு பெயர்த்துப் பாருங்கள். கிழங்கு திடமாக இருந்தால் இதே கலவையில் தொட்டிக்கு மாற்றி, மழை படாத இடத்தில் வையுங்கள். கிழங்கு கொழகொழத்திருந்தால் அதைக் காப்பாற்ற நேரம் செலவழிக்காதீர்கள்.

பூக்கும் பருவத்தில் இலைக்கும் தண்டுக்கும் நடுவில் கருநிறத்தில் குட்டி மணிகள் வரும். டைகர் லில்லி பெருகுவதே அவற்றால்தான். தோட்டங்களில் வளரும் வகை பெரும்பாலும் விதை பிடிக்காத மலட்டு வகை. எனவே யாராவது 'டைகர் லில்லி விதை' என்று விற்றால், அதிலும் நீலப் பூப் படம் போட்டு விற்றால், பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மணிகளை நட்டுப் பூவாக்க இரண்டு மூன்று குளிர்காலமாவது ஆகும். கிழங்கையும் இலை காய்ந்ததும் எடுத்து மறுபடி ஃபிரிட்ஜில் வைக்கலாம்தான். ஆனால் நம் கோடையில் அது இளைத்துப் போயிருக்கும். நான் அந்தச் சிரமத்தைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உங்களுக்குப் பிடித்தது அந்த ஆரஞ்சு நிறமும் புள்ளியும்தான் என்றால், லெப்பர்ட் லில்லி கேட்டு வாங்குங்கள். விசிறி மாதிரி இலை, புள்ளி போட்ட ஆரஞ்சுப் பூ. லில்லி என்பது பெயரில் மட்டும்தான், உண்மையில் ஐரிஸ் குடும்பம். ஒரு பூ ஒரு நாள்தான் இருக்கும், ஆனால் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். குளிர் கேட்காது, விதையிலும் வரும், தண்ணீர் தேங்காத மேட்டுப்பாத்தி போதும். பின்னால் வளைந்த இதழ்தான் பிடித்தது என்றால், வேதாரண்யம் பக்கம் மணல் காட்டில் பயிராகவே போடும் செங்காந்தள் இருக்கிறது, நம் மாநில மலர். ஆனி, ஆடியில் கண்வலிக் கிழங்கு என்று கேட்டு வாங்கி, நுனி உடையாமல் படுக்கையாக நட்டு, கொடி ஏறக் கம்பி கட்டுங்கள். முளை அந்த நுனியில் மட்டுமே இருக்கிறது, உடைந்தால் முளைக்காது. கிழங்கிலிருந்து விதைவரை முழுச் செடியும் கொடிய விஷம். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேலிக்கு வெளியே வளர்ப்பதுகூட யோசிக்க வேண்டியது.

டைகர் லில்லியும் ஒரு விஷயத்தில் ஆபத்துதான். வீட்டில் பூனை இருந்தால் வேண்டாம். இலையைக் கடித்தாலோ, மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலோகூடப் பூனைக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடும். அப்படி நடந்தது தெரிந்தால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.