எங்கே அரிக்கிறது, எப்போது தொடங்கியது? – தோல் அலர்ஜி கேள்வி பதில்

தோல் அலர்ஜி பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். நிறையப் பேர் படத்தை மட்டும் அனுப்பி "இது என்ன டாக்டர்?" என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் படத்தை விட, எந்த இடத்தில் முதலில் வந்தது, எத்தனை மணி நேரம் நின்றது, அதற்கு முந்தின இரண்டு மூன்று நாளில் தோலில் என்ன பட்டது என்பதுதான் அதிகம் சொல்லும்.

ரெண்டு மாசமா சாயங்காலம் ஆனா உடம்பெல்லாம் தடிச்சுடுது மேடம். காலையில ஒண்ணும் இருக்காது. கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாம் விட்டாச்சு. இப்ப கஞ்சி மட்டும்தான். அப்பவும் நிக்கலை.

முதலில் நன்றாகச் சாப்பிட ஆரம்பியுங்கள். உங்களுக்கு வருவது காணாக்கடி. பேர்தான் கடி, கடித்தது எதுவும் கிடையாது. தோலுக்குள் இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற, அரிப்பைக் கிளப்பும் பொருளைக் கொட்டுகின்றன. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து தோல் மேடாகிறது, அரிக்கிறது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். 24 மணி நேரத்துக்குள் கோட்டுக்குள் இருந்தது சுவடில்லாமல் மறைந்து, வேறு இடத்தில் புதிதாகக் கிளம்பினால் அது காணாக்கடி. ஒரே தடிப்பு ஒரு நாளைத் தாண்டி நின்று, அரிப்பை விட வலி அதிகமாக இருந்து, கன்றின தடம் விட்டுப் போனால் விஷயம் வேறு. உடனே நேரில் காட்டுங்கள்.

ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்டது என்போம். இதற்குச் சாப்பாடு காரணமாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் உடம்பின் சொந்த எதிர்ப்பு சக்தியே மாஸ்ட் செல்லைச் சீண்டிவிடுகிறது. சாப்பாட்டு அலர்ஜி என்றால், அதைத் தின்ற சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், தின்னும்போதெல்லாம் வரும். கத்தரிக்காயை விட, உடம்பு வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் மாத்திரை மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். அவை தடிப்பைக் கிளப்பிவிடும். காசைக் கொட்டி நூறு பொருளுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டாம். அதில் பாசிட்டிவ் வந்ததை எல்லாம் விட்டுவிட்டுத்தான் பலர் கஞ்சியில் வந்து நிற்கிறார்கள்.

செட்டிரிசின் அலர்ஜி மாத்திரையைத் தினமும் போட்டா பழகிடுமாமே?

பழகாது. தடிப்பு வந்த பிறகு ஒன்று போட்டு நிறுத்துவதுதான் தப்பு. வராமல் இருக்கத்தான் தினமும் போடச் சொல்கிறோம். ஒன்றில் அடங்காவிட்டால் நான்கு மடங்கு வரை நாங்கள் ஏற்றுவோம், நீங்களாக ஏற்ற வேண்டாம். கடையில் கேட்டு வாங்கும் பழைய ஏவில் மாத்திரை தூக்கத்தில் தள்ளும். அதைப் போட்டுவிட்டு வண்டி ஓட்டாதீர்கள்.

எங்க வீட்டுக்காரர் கொத்தனார். கை வெடிச்சு ரத்தம் கசியுது. பதினஞ்சு வருஷமா இதே வேலைதான், அப்பல்லாம் வரலையே டாக்டரம்மா?

"இவ்வளவு நாள் வரலையே" என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்த வகை அலர்ஜி பட்டவுடன் வருவதில்லை. உடம்பு ஒரு பொருளை எதிரி என்று தெரிந்துகொள்ளச் சில மாதமும் ஆகலாம், இருபது வருஷமும் ஆகலாம். தெரிந்துகொண்ட பிறகு மறப்பதில்லை. சிமென்டில் குரோமியம் உப்பு இருக்கிறது. அதன் வீரியத்தைக் குறைக்க இரும்பு உப்பு கலக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சிமென்டில் உள்ள குரோமியத்துக்கு அளவுக் கட்டுப்பாடே வைத்திருக்கிறது. இங்கும் அது வர வேண்டும் என்பது என் ஆசை.

உறுதி செய்ய பேட்ச் டெஸ்ட் உண்டு. சின்ன அலுமினியக் குப்பிகளில் சந்தேகப்படும் பொருட்களைத் துளியளவு வைத்து முதுகில் ஒட்டுவோம். இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது. 48 மணி நேரத்தில் பிரித்துப் பார்ப்போம், நான்காம் நாள் மறுபடி பார்ப்போம். சமீபத்தில் ஒரு கொத்தனாருக்கு முதுகு முழுக்கச் சுத்தமாக இருந்தது, பொட்டாசியம் டைகுரோமேட் என்ற குரோமியம் உப்பு வைத்த ஒரே வட்டத்தில் மட்டும் கடுகு தூவின மாதிரி கொப்புளம். "இதுக்குத்தான் மூணு வருஷமா மந்திரிச்சேனா?" என்று அவர் கண் கலங்கிவிட்டார்.

உள்ளே துணிக் கையுறை, மேலே ரப்பர் கையுறை போடச் சொல்லுங்கள். உள்ளே சிமென்ட் புகுந்தால் உடனே கழற்றிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் கையுறையே கெடுதல். கால் மேலும் அரித்தால் தோல் செருப்பை மாற்றுங்கள். தோல் பதனிடுவதும் பெரும்பாலும் குரோமியத்தில்தான்.

அப்பாவுக்கு டை போட்ட மறுநாள் கண்ணே திறக்க முடியாம முகம் வீங்கிடுச்சு. இனி ஹெர்பல் கருப்பு மருதாணி போடலாமா?

வேண்டாம். கருப்புச் சாயத்தில் உள்ள பாராபினைலீன்டையமின்தான் காரணமாக இருக்கும், பாக்கெட்டில் பிபிடி என்று இருக்கும். மருதாணி இலை செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும். பத்து நிமிடத்தில் கருப்பாகப் பிடித்தால் அதற்குள் சாயம் கலந்திருக்கிறது, பாக்கெட் மேல் எந்த இலைப் படம் இருந்தாலும் சரி. நரை இருக்கட்டும், அப்பா அழகாகத்தான் இருப்பார்.

கழுத்தைச் சுத்திக் கருப்பா, சொரசொரன்னு இருக்கு. தங்கத்தைக் கழட்டி வச்சுட்டு கவரிங் போடறேன்.

கவரிங்கில் கலந்திருக்கும் நிக்கல் என்ற உலோகம்தான் காரணமாக இருக்கும். ஜீன்ஸ் பட்டன் படும் தொப்புள் கீழேயும், கம்மல் ஓட்டையிலும் இருக்கிறதா பாருங்கள். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடம் வெளுத்தால் அன்றே ஸ்டிக்கரை விட்டுவிடுங்கள். பசையில் உள்ள பொருள் நிறத்தையே அழிக்கும்.

மெடிக்கல்ல ஒரு டியூப் கொடுத்தாங்க. போட்டா ரெண்டே நாள்ல சரியாகுது, விட்டா முன்னைவிடப் பெருசா வருது. தொடை இடுக்கில வட்ட வட்டமா இருக்கு.

தயவுசெய்து அந்த டியூபைக் குப்பையில் போடுங்கள். இது அலர்ஜி இல்லை, பெரும்பாலும் படர்தாமரை. அதில் அந்த டியூபில் இருக்கும் ஸ்டீராய்டைப் பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சை நிம்மதியாக வளரும். தோல் மெலிந்து, தொடையில் வரி வரியாக விழும். அந்த வரி திரும்பப் போகாது. பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் இதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. 2018-லேயே இந்தக் களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டில்தான் விற்க வேண்டும் என்று கொண்டுவந்தாயிற்று. கேட்காமலே கொடுக்கிறார்கள், நாமும் வாங்கிவிடுகிறோம்.

குழந்தைக்கு ராத்திரியானா அரிப்பு. இப்ப எனக்கும் அவங்க பாட்டிக்கும்.

அலர்ஜி தொற்றாது. விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புள் பக்கம் பாருங்கள். சிரங்குப் பூச்சியாக இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும், அரிக்காதவருக்கும் சேர்த்து.

எப்ப பயப்படணும்?

தடிப்போடு உதடு, நாக்கு வீங்கினாலோ, குரல் கம்மினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். அங்கே முதலில் வேண்டியது தொடையில் அட்ரினலின் ஊசி, செட்டிரிசின் அல்ல. இன்னொன்று, வலிப்புக்கோ யூரிக் அமிலத்துக்கோ புது மாத்திரை தொடங்கிச் சில வாரத்தில் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் கொப்புளித்து உரிதல் என்று வந்தால் ஒரு ராத்திரி கூடக் காத்திருக்காதீர்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். பிழைத்து வந்த பிறகு அந்த மருந்தின் பெயரைத் தமிழிலேயே எழுதி, ஆதார் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.